மழை கழுவாத இடம்

நானாட்டானில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு முருங்கன் சந்திக்கு வரும் லொறிக்கும், வங்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கொழும்புக்கு ஓடும் கூலர் வாகனத்துக்கும் வழியில் ரயர் காற்றுப் போவது புதிதல்ல. சாரதி இறங்கி, ஜக்கையும் வீல் ஸ்பானரையும் எடுத்துவைத்துவிட்டு, பின்பக்கத்தில் செஸிக்குக் கீழே தொங்கும் ஸ்பெயார் ரயரை இறக்கப் போவார். அங்கேதான் வேலை நின்றுபோகும். நீளக் கம்பியைத் துளைக்குள் விட்டுத் திருகினால் அது அசையாது. அல்லது கம்பி சுற்றும், சங்கிலியும் தளர்ந்து கீழே தொங்கும், ரயர் மட்டும் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு ஒரே தொல்லைபோல இருந்தாலும் இவை வெவ்வேறு இடங்களில் நடக்கும் கோளாறுகள். அவிழ்க்கும் வழிகளும் வேறு. காரணம் மட்டும் ஒன்றே. கறள்.

அதே லொறியில் கதவும் பம்பரும் சில்லு நட்டுகளும் நன்றாயிருக்க, ஸ்பெயார் ரயரைத் தாங்கும் பொறி மட்டும் ஏன் இப்படி இறுகுகிறது? மன்னார்ப் பக்கத்து வாகனங்களில் ஏன் இத்தனை விரைவாக இறுகுகிறது? விடை தெரிந்தால், சுத்தியலை எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கவே கூடாது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் பொறியைப் பார்ப்போம். வான், டபுள் கெப், சிறிய லொறி போன்றவற்றில் செஸியின் குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புக் கூடு பூட்டப்பட்டிருக்கும். அதற்குள் பற்சில்லுகள், அவற்றில் ஏறி இறங்கும் ஒரு சங்கிலி, சில வாகனங்களில் உருக்குக் கேபிள். சங்கிலியின் நுனியில் ஒரு தட்டு. அதைச் சரித்து றிம்மின் நடுத்துளைக்குள் விட்டால், மறுபக்கம் போய் நிமிர்ந்துகொண்டு முழுப் பாரத்தையும் தாங்கும். கம்பியைத் திருகத் திருகச் சங்கிலி மேலேறி, றிம் செஸியோடு போய் அழுந்தும். கையை எடுத்தாலும் பாரம் தானாக இறங்காதபடி பற்சில்லுகள் பூட்டிக்கொள்ளும். பெரிய லொறிகள் சிலவற்றில் இந்தக் கூட்டுக்குப் பதிலாக நட்டும் போல்ற்றும் கொண்ட தாங்கி இருக்கும். சங்கிலிப் பொறியில் உலோகம் உலோகத்தோடு மயிரிழை இடைவெளியில் உரசி நிற்கும் இடங்கள் மூன்று: பற்சில்லுகளின் இடுக்கு, சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கு, றிம்மும் அது அழுந்தும் இரும்பும் சந்திக்கும் இடுக்கு.

இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே கறள் தொடங்கிவிடும். ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் இலத்திரன்களை விட்டுவிட்டு அயன்களாகக் கரைகின்றன. அந்த இலத்திரன்கள் உலோகத்தினூடாகவே இன்னோரிடத்துக்கு ஓடி, அங்குள்ள நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயன்களை உண்டாக்குகின்றன. கரைந்த இடம் அனோட்டு, ஒட்சிசன் செலவான இடம் கதோட்டு. இரண்டிலிருந்தும் வரும் அயன்கள் சந்தித்து, மேலும் ஒட்சிசனை ஏற்று, செம்பழுப்புப் பொருளாகப் படிகின்றன. நீர் தூயதாயிருந்தால் மின்னோட்டம் பலவீனமாக இருக்கும், கறளும் மெல்லத்தான் வளரும். உப்பு சேர்ந்தால் நீர்ப்படலம் நல்ல மின்கடத்தியாகிவிடுகிறது. அதோடு குளோரைட்டு அயன், இரும்பின் மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தைத் துளைக்கிறது. துளைத்த பின்னும் அது செலவழிந்து போவதில்லை. அடுத்த அணுவைக் கரைக்க மீண்டும் வந்து நிற்கிறது.

மன்னாருக்கே உரிய கதை இங்கேதான் தொடங்குகிறது. கடலுப்பு என்பது சோற்றுக்குப் போடும் சோடியம் குளோரைட்டு மட்டுமல்ல. அதில் மகனீசியம் குளோரைட்டும் கணிசமாக உண்டு. உப்பு விளைந்த பிறகு உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரில் பெரும்பகுதி மகனீசிய உப்புகள்தான். சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மகனீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். மன்னார்க் கரையில் நண்பகல் வெயிலிலும் சாரீரப்பதன் அவ்வளவு கீழே இறங்குவது மிக அரிது. ஆகவே பற்சில்லுக் கூட்டுக்குள் ஒருமுறை புகுந்த கடலுப்பு முழுதாகக் காயவே காயாது. மாதக்கணக்கில் மழை இல்லாத ஆடி ஆவணியிலும், தொட்டால் உலர்ந்திருப்பதாகத் தோன்றும் இரும்பின் மேல் அந்த நீர்ப்படலம் இருந்துகொண்டேயிருக்கும். இரும்பு நனைவதைவிட, நனைந்தபடியே இருப்பதுதான் அதைத் தின்கிறது.

உப்பு எப்படி அங்கே போகிறது? சோளகக் காற்று அலையை உடைக்கும்போது எழும் நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகளை வீசுகின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளும் இந்தப் பக்கத்துக் காற்றை நம்பி நிற்பவை. அதே காற்றுத்தான் உப்புத் துளிகளையும் சுமக்கிறது. இத்துளிகளில் பெரும்பங்கு கரையை அண்டியே விழுந்துவிடும். உள்ளே தள்ளியிருக்கும் நானாட்டானில் நிற்கும் ஒரு படலைக் கதவு, தலைமன்னாரில் நிற்கும் கதவைவிட நெடுநாள் தாங்கும். லொறி அப்படி ஒரே இடத்தில் நிற்பதில்லையே. தள்ளாடியைத் தாண்டித் தாம்போதியில் ஏறினால் இருபுறமும் உவர் நிலமும் கடலும். மீன் பெட்டிகளில் உருகும் ஐஸ் நீர் உப்பையும் சுமந்துகொண்டு தட்டின் பின்விளிம்பால் ஒழுகும். அதற்கு நேர் கீழேதான் ஸ்பெயார் ரயர். வயல் வேலைக்கு உரம் ஏற்றும் லொறிக்கும் தப்பில்லை. எம்.ஓ.பி. என்று வாங்கும் பொட்டாசு உரம் உண்மையில் பொட்டாசியம் குளோரைட்டு. கிழிந்த பையிலிருந்து கொட்டுவதும் குளோரைட்டுத்தான். இரும்புக்கு அது கடலிலிருந்து வந்ததா உரப்பையிலிருந்து வந்ததா என்ற பேதம் தெரியாது.

கதவிலும் பொனற்றிலும் படியும் உப்பை மாரி மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. செஸியின் அடிப்பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே மழை நேரே விழுவதில்லை. சில்லு வாரியடிக்கும் சேற்று நீர்தான் படும். கடலோரங்களில் மழைக்கு ஒதுங்கிய மேற்பரப்புகள் திறந்த மேற்பரப்புகளைவிட மோசமாக அரிபடுவது அரிப்பியலில் நன்கு அறியப்பட்ட விடயம். லொறிக்கு அடியில் நடப்பதும் அதுவே.

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களின் சேறு இன்னொரு வகையில் கெடுக்கிறது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய உலிக் எவன்ஸ் 1920களில் ஒரு துளி உப்புநீரை இரும்புத் தகட்டின் மேல் விட்டுச் செய்த சோதனை அரிப்பியலில் புகழ்பெற்றது. துளியின் விளிம்பில் ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும். நடுவில் அது குறைவு. அரிபட்டது விளிம்பல்ல, நடுப்பகுதி. ஒட்சிசன் குறைந்த இடம் அனோட்டாகி, ஒட்சிசன் மிகுந்த இடத்துக்கு இலத்திரன்களை அனுப்பிக் கரைந்துகொண்டிருந்தது. றிம்மில் ஒட்டிக் காய்ந்த சேற்றுக்கட்டிக்குக் கீழேயும், சங்கிலிக் கண்ணிகள் தொடும் இடுக்கிலும், றிம் செஸியோடு அழுந்தும் வளையத்திலும் நடப்பது இதேதான். வெளியே பளபளப்பாகத் தெரியும் உலோகம், மூடிய இடத்தில் குழிகுழியாகக் கரைந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் சங்கிலி அறுந்து ரயர் வீதியில் விழுந்திருக்க வேண்டுமே, ஏன் பெரும்பாலும் இறுகிக்கொள்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் அரிக்கும் தன்மையை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலையில், உப்புக் கூடிய கடலோரங்கள் அடங்கும் சி5 வகையில், பூச்சில்லாத உருக்கு முதலாண்டில் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை தடிப்பை இழக்கும். கணக்குக்கு 100 மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு மில்லிமீற்றரில் பத்திலொன்று. சங்கிலிக் கண்ணிக்கு இது பெரிய இழப்பல்ல. அறுந்துபோகப் பல ஆண்டுகள் வேண்டும். ஆனால் கறள், அது உருவான இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைத்துக்கொள்ளும். எந்தச் சேர்வை உருவாகிறது என்பதைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. பத்திலொரு மில்லிமீற்றர் இரும்பு, மூன்றிலொரு மில்லிமீற்றர் கறளாக வீங்குகிறது என்றால், அதற்கு இடங்கொடுக்கும் அளவு இடைவெளி பற்சில்லுக்குள் இல்லை. மழைக்கு ஊறிய பலகைக் கதவு நிலையோடு இறுகுவதுபோல, பொறி தன் கறளாலேயே ஆப்படிக்கப்பட்டுவிடுகிறது. பலம் குன்றுவதற்கு நெடுநாள் முன்பே அசைவு நின்றுவிடும்.

உருக்குக் கேபிளின் நிலைமை வேறு. பல மெல்லிய கம்பிகளை முறுக்கியதால் கம்பிகளுக்கிடையே நீர் உறிஞ்சப்பட்டு உள்ளேயே தங்கும். மெல்லிய கம்பி என்பதால் விரைவில் அறுபடும். இது கற்பனை அச்சமல்ல. குளிர்காலத்தில் வீதிப் பனியை உருக்க உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில், 1998 முதல் 2010 வரையான மாதிரி சியன்னா வான்கள் ஏறத்தாழ 6 லட்சத்தை டொயோட்டா நிறுவனம் 2010 ஏப்ரலில் திருத்தத்துக்கு அழைத்தது. ஸ்பெயார் ரயரைத் தாங்கும் கேபிள் அரிபட்டு ரயர் வீதியில் விழக்கூடும் என்பதே காரணம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 இறுதியில், அதே குளிர்ப் பிரதேசங்களில் ஓடிய டுண்ட்ரா வண்டிகள் ஏறத்தாழ 1,10,000 அழைக்கப்பட்டன. அவற்றில் அரிபட்டது செஸியின் பின்குறுக்குச் சட்டமே. அங்கே ஆண்டில் சில மாதங்கள் வீதியில் கிடக்கும் உப்பு, இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் இருக்கிறது.

நமது கடலின் எதிர்க்கரையில் இதைப் பெரிய அளவில் கற்றிருக்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். அதற்கும் அப்பால், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடற்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் அதன் நடுப்பகுதி அரிபட்டதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. மற்றப் பகுதிகள் நிற்க, அசையும் பகுதி முதலில் களைத்தது. நம் பொறியிலும் அதே கதைதான். காரைக்குடியில் 1953இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பாம்பனுக்கு அருகே மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் மாட்டிவிட்டு அவை இழக்கும் எடையை அளந்துவருகிறது. அங்கே தகட்டைத் தின்னும் காற்றும் வங்காலையில் லொறியைத் தின்னும் காற்றும் ஒரே கடலில் பிறந்தவை.

இனி, இறுகிய ரயரை இறக்கும் வேலை. சங்கிலி தளர்ந்தும் ரயர் விழாமல் நின்றால், பலரும் செய்வது கீழே படுத்துக்கொண்டு காலால் உதைப்பது. அதைச் செய்யக்கூடாது. றிம்மைப் பிடித்துவைத்திருப்பது இப்போது வெறும் கறள். அது எந்தக் கணமும் விடலாம். லொறி ரயரும் றிம்மும் சேர்ந்தால் ஒரு நெஞ்சை நசுக்கப் போதுமான பாரம். முதலில் ரயருக்குக் கீழே பழைய ரயர்களையோ கட்டைகளையோ அடுக்கி, விழுந்தாலும் ஒரு சாண்கூட இறங்காதபடி செய்யவேண்டும். கறள் அமுக்கத்தைத் தாங்கும். இழுவையைத் தாங்காது, கண்ணாடிபோல வெடிக்கும். வெடிப்பு ஓரிடத்தில் தொடங்கினால் போதும், பிறகு தானே பரவும். அதனால் ரயரை முழுதாக ஒரேயடியாக இழுப்பதைவிட ஒரு பக்கத்தை மட்டும் பிரிப்பது எளிது. செஸிக்கும் ரயரின் ஓரத்துக்கும் இடையில் ஒரு சிறிய ஜக்கை வைத்து மெல்ல விரித்தால் அந்தப் பக்கம் முதலில் விடும். ஜக் நுழையாவிட்டால், மரக்கட்டையால் ரயரின் றப்பர்ப் பக்கத்தில் மேலிருந்து மாறிமாறி அடிக்கலாம். றிம்மை இரும்புச் சுத்தியலால் அடித்தால் றிம் வளையும். வளைந்த றிம்மோடு அடுத்த ஊருக்கும் போய்ச் சேரமுடியாது.

கம்பியே திரும்பாவிட்டால் கோளாறு பற்சில்லில். குழாயொன்றைக் கம்பியில் செருகி நீளத்தைக் கூட்டித் திருகத் தோன்றும். அப்போது முறிவது கறளல்ல, கம்பியோ பல்லோதான். ஊடுருவும் எண்ணெயைக் கம்பி நுழையும் துளையிலும், கீழிருந்து சங்கிலி ஏறும் வாயிலும் விட்டு, ஓர் இரவு காத்திருப்பது நல்லது. டபிள்யூ.டி.-40 என்ற பெயரே, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நீரை விலக்கும் கலவைக்காகச் செய்த நாற்பதாவது முயற்சியைக் குறிப்பது. மண்ணெண்ணெயோடு சிறிது கியர் ஒயில் கலந்தாலும் ஓரளவு வேலை செய்யும். இவையெல்லாம் மயிர்த்துளைமையால் இடுக்குக்குள் ஏறுபவை; அதற்கு நேரம் தேவை, பலம் தேவையில்லை. மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் சற்றே திருகி, பிறகு தளர்த்தும் திசைக்கு வரவேண்டும். இரண்டு பாகை அசைந்தாலும் போதும். உள்ளே கறள் நொறுங்கித் தூளாகும், எண்ணெய் இன்னும் உள்ளே போகும். கம்பியின் நுனியில் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே திருகினால், நொறுங்கும் பொருளான கறள் அதிர்வுக்கு விரைவில் இடங்கொடுக்கும்.

காஸ் சுவாலையால் சூடாக்கினால் இரும்பு விரிந்து விடும் என்பது உண்மையே. கறாஜில் நட்டுகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். ரயர் பூட்டிய றிம்மில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. உள்ளே அடைபட்ட காற்றின் அமுக்கம் ஏறும், றப்பர் சிதைந்து எரியும் வாயுக்களை விடும். ரயர் வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. கிறைண்டரும் ஆபத்தானதே. பல வாகனங்களில் எரிபொருள் தாங்கி அருகிலேயே இருக்கும். சங்கிலியை வெட்டியே ஆகவேண்டுமானால், ரயருக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு இரும்பு வாளால் அறுக்கலாம். அல்லது குறுக்குச் சட்டத்தில் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளைக் கழற்றி எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கலாம். இறக்கிய சங்கிலியைக் கழிவறை கழுவும் திரவத்தில் ஊறவைத்துச் சுத்தமாக்குபவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம்; கறளைக் கரைத்துவிட்டுக் குளோரைட்டைக் கண்ணிகளுக்குள் விட்டுச்செல்லும். கண்ணியின் தடிப்பில் பத்திலொரு பங்கு குறைந்திருந்தால் சங்கிலியை மாற்றிவிடுவதே மேல்.

தடுப்பு வேலைக்கு முதல் தேவை நன்னீர். தீவிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். அந்த நீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறோம். கடற்கரைப் பயணம் முடித்த லொறியை நானாட்டான், முருங்கன் பக்கத்து நன்னீர்க் கிணற்றடியில் கழுவுவது இரும்புக்கு மிகவும் நல்லது. வாய்க்காலுக்குள்ளோ குளத்துக்குள்ளோ லொறியை இறக்கிக் கழுவவேண்டாம். ஒயிலும் கிறீஸும் நேரே வயலுக்குத்தான் போகும். ரயரை முழுதாக இறக்கி, சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை வெளியே எடுத்து, அமுக்கம் குறைந்த நீரை நேரமெடுத்து ஓடவிடவேண்டும். சேர்விஸ் ஸ்ரேசனின் வேகத் தாரையைப் பற்சில்லுக் கூட்டுக்குள் அடித்தால் கிறீஸ் வெளியேறும், சேறு உள்ளே போகும்.

வெயிலில் காய்ந்த பிறகு கிறீஸ். படகு இஞ்சின்களுக்கென விற்கும், நீருக்குக் கரையாத கிறீஸ் இந்தக் கரைக்குப் பொருத்தமானது. பழைய இஞ்சின் ஒயிலை அடிப்பக்கமெங்கும் பூசும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. மனமறிந்து சொல்கிறேன், அதை விட்டுவிடுவது நல்லது. எரிந்த ஒயிலில் அமிலங்கள் இருக்கின்றன. தூசியைப் பிடித்துச் சேறாக்கிக்கொள்கிறது. கனிய எண்ணெய் பட்ட ரயர் றப்பர் ஊறிப் பலமிழக்கிறது. சொட்டுவது நம் மண்ணில். கிறீஸையும் ரயரில் படாமல்தான் பூசவேண்டும்.

கறள் பிடித்த இரும்புக்கு மேலேயே பெயின்ற் அடிப்பதால் பயனில்லை. அடியில் சிக்கிய உப்பு, பெயின்றினூடாகவே நீரை இழுத்துக் கொப்பளங்களை எழுப்பும். வயர் பிரஷ்ஷால் சுரண்டி, நன்னீரால் கழுவி, காயவைத்து, வெறும் உலோகம் தெரிந்த பிறகு நாகம் கலந்த பூச்சு அடித்தால் அது நின்றுபிடிக்கும். நாகம் இரும்பைவிட எளிதில் இலத்திரன் இழப்பது. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன் தான் கரையும். சி5 வகைக் கரையோரத்தில்கூட நாகம் முதலாண்டில் இழப்பது 4.2 முதல் 8.4 மைக்ரோமீற்றர் வரைதான். சுரண்ட முடியாத மூலைகளுக்குக் கறள் மாற்றி என்ற திரவம் கிடைக்கிறது. அதில் பொசுபோரிக் அமிலமோ தனின் என்ற பொருளோ இருக்கும். இரும்புக் கறளோடு சேர்ந்து கரையாத கரும்படலமாகும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பதும் இதே தனினால்தான்.

இந்த வேலைக்கு ஆண்டில் இரண்டு தருணங்கள் வாய்ப்பானவை. சோளகம் ஓய்ந்து மாரி மழை தொடங்குமுன் ஒன்று. காலபோக அறுவடைக்கு லொறிகள் வயலுக்கு இறங்குமுன் மற்றொன்று. மீன் ஏற்றும் வாகனத்துக்கு மாதமொருமுறை வேண்டும். ரயர் கீழே இருக்கும்போதே காற்றுப் பார்க்கலாம். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களையும் பார்க்கலாம்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த ரயர். ஓடாமல் தொங்கினாலும் றப்பர் முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மீண்டும் ஏற்றும்போது றிம் செஸியில் அழுந்தும் வளையத்தில் கிறீஸ் தடவி, ரயரைக் கையால் தள்ளினால் ஆடாத அளவுக்கு இறுக்கவேண்டும். ஆடும் ரயர் ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணிகளை உரசி, பூசிய நாகத்தைத் தேய்த்துவிடும். கம்பி நுழையும் துளைக்கு ஒரு றப்பர் மூடி போட்டுவிட்டால் மணலும் உப்புத்தண்ணீரும் அந்த வழியாகப் போகாது.